கேபிளை மாற்றும் முன் கொக்கியைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் வைத்திருக்கும் பலரும் படும் ஒரு சிறு தொல்லையைப் பற்றி எழுதுகிறேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்திலுள்ள லீவரை இழுத்தால் 'டக்' என்று ஓசை கேட்கும். ஆனால் பெட்ரோல் டேங்க்கின் வெளிக்கதவு அசையாது. 14 ஆண்டுகள் ஓடிய என் காரில் இப்படி ஆனபோது, லீவரையும் கதவைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கியையும் இணைக்கும் கேபிள் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று பழுதுபார்ப்பவர் ஒருவர் சொன்னார். அவசரத்தில் வேறொருவர் ஸ்குரூடிரைவரால் நெம்ப, விளிம்பில் பெயிண்ட் பெயர்ந்து அந்த இடம் துருப்பிடித்துவிட்டது.

லீவரில் இழுவை தெரிந்து, கொக்கிப் பக்கம் ஓசையும் கேட்டால், கேபிள் பெரும்பாலும் அறுந்திருக்காது. ஒருவர் லீவரை இழுத்துப் பிடித்திருக்க, மற்றவர் கதவை உள்ளங்கையால் மெல்ல உள்ளே அழுத்திவிட்டால் பல நேரங்களில் அது திறந்துகொள்ளும். அப்படியும் திறக்காவிட்டால், டிக்கியின் பக்கவாட்டு உறைக்குப் பின்னால் அவசரத்துக்கென்று ஓர் இழுகயிறு இருக்கிறதா என்று பார்க்கலாம். எல்லாக் கார்களிலும் இல்லையென்றாலும், பல கார்களில் உண்டு.

என் காரில் கதவு திறந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. புழுதியும் பழைய கிரீஸும் சேர்ந்து கறுப்புப் பசையாக இறுகியிருந்ததால், விரலால் அழுத்தியதும் உள்ளே போன கொக்கி முனை வெளியே வரவில்லை. உள்மூடியைத் திருகி இறுக்கிவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் அழுக்கைத் தேய்த்தெடுத்து, துரு இளக்கும் எண்ணெயைச் சிறிது தெளித்து, லீவரைப் பலமுறை இழுத்து விட்டதில் முனை தானாக இயங்கத் தொடங்கியது. அதன்பின் எண்ணெயைத் துடைத்துவிட்டு, சிலிகான் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவினேன். அள்ளிப் பூசினால் அதுவே மீண்டும் புழுதியைப் பிடித்துவைக்கும். கதவை வெளியே தள்ளும் தகட்டு ஸ்பிரிங் தட்டையாகியிருந்ததால் அதையும் சற்றே வெளிப்பக்கம் வளைத்துவிட்டேன். பெட்ரோல் ஆவி இருக்கும் இடமாதலால் அருகில் நெருப்போ சிகரெட்டோ கூடவே கூடாது.

பலர் கவனிக்காத ஒன்று, கதவுக்குப் பின்னுள்ள குழியின் அடியில் இருக்கும் வடிகால் துளை. அது மண்ணால் அடைபட்டால் மழைநீர் தேங்கி, கொக்கியும் கீலும் மறுபடி துருப்பிடிக்கும். கார் கதவுகளின் கீல்களுக்கு எண்ணெய் விடும்போதே இந்தக் கொக்கியையும் துளையையும் சுத்தம் செய்வதைப் பழுதுபார்ப்பு நிலையங்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்