உப்புத் தண்ணியும் சுருட்டை முடியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பெர்ம் செய்த, அதாவது மருந்து போட்டு நிரந்தரமாகச் சுருட்டிய, முடியைப் பராமரிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் நாலு பேர் படித்தோம். நாலு பேருக்கும் ஒரே குறைதான். எந்த ஷாம்பு, எந்த சீரம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியவர், தலையில் ஊற்றுகிற தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கோயம்புத்தூரைத் தாண்டிக் கிழக்கே வந்து, எங்கள் ஊரில் ஒரு வாரம் தங்கித் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தால் எழுதியிருப்பார்.

நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். பல்லடம் பக்கம் தோட்டத்து வீடு. இந்த வைகாசியில் எங்கள் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்காக என் மகளும் தங்கை மகளும் ஒரே நாளில், ஒரே பார்லரில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பெர்ம் செய்துகொண்டார்கள். இருவருக்கும் எங்கள் அம்மாவின் முடி, அடர்த்தியாக, கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். ஷாம்புவும் கண்டிஷனரும் ஒன்றாகவே வாங்கினார்கள். தங்கை வீடு கோவையில், சிறுவாணித் தண்ணீர் வருகிற இடம். எங்களுக்கு ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணி. பரிசோதனைக்கூடத்தில்கூட இத்தனை கச்சிதமாக ஓர் ஒப்பீடு எனக்கு அமைந்ததில்லை.

ஆடி நோம்பிக்கு இருவரும் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். தங்கை மகளுக்குச் சுருள் சுருளாகவே இருந்தது. என் மகளின் தலை, காங்கயத்துக் கயிற்று ஆலை வாசலில் கொட்டி வைத்திருக்கும் தேங்காய் மஞ்சி மாதிரி இருந்தது. "ஏஞ்சாமி, இதுக்குக் காசு வேற குடுத்தியா?" என்று எங்கள் அம்மா கேட்டதில் பெண் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இந்த உப்புத் தண்ணியைத்தான் கடின நீர் என்று எட்டாம் வகுப்பிலேயே படிக்கிறோம். கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்த நீர். சோப்பு நுரைக்காது, வாளியில் வெள்ளையாகப் படியும். பெர்ம் செய்த முடியின் மேல்செதில்கள் ஏற்கெனவே மருந்து பட்டுத் திறந்து கிடப்பதால், சாதாரண முடியைவிட அதிகமாக அந்த உப்புகளைப் பிடித்துக்கொள்கிறது. முடி கனத்து, சொரசொரப்பாகி, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். உள்ளே சுருள் இருந்தாலும் வெளியே தெரியாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றிப் பார்த்தாள் மகள். அதில் பைகார்பனேட்டால் வரும் தற்காலிகக் கடினத்தன்மை மட்டும்தான் போகும். சல்பேட், குளோரைடு அப்படியே இருக்கும். அதற்குப் பாடப்புத்தகத்தில் நிரந்தரக் கடினத்தன்மை என்று பெயர். நிரந்தரச் சுருளும் நிரந்தரக் கடினத்தன்மையும் ஒரே தலையில் மோதிக்கொண்டால் எது ஜெயிக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

நாங்கள் கண்ட வழி இது. ஷாம்பு போட்டு உப்புத் தண்ணியிலேயே அலசிவிட்டு, கடைசியாக மட்டும் இரண்டு சொம்பு நல்ல தண்ணி. அதில் ஒரு சொம்பில் அரை எலுமிச்சையில் பாதியைப் பிழிந்து ஊற்றி, மற்றொரு சொம்பால் அலசிவிட வேண்டும். லேசான அமிலம் படிந்த உப்பைக் கொஞ்சம் கரைக்கும், செதில்களையும் படிய வைக்கும். சாற்றை அப்படியே தலையில் தேய்க்கக் கூடாது. மழை பெய்தால் தகரக் கூரையிலிருந்து முதல் தண்ணீரை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்து வைப்போம், அதைப் போல மென்மையான நீர் வேறில்லை. படிந்த உப்பை இழுத்தெடுக்கும் ஷாம்புகளும் கடையில் கிடைக்கின்றன. மாதம் ஒரு தடவைக்கு மேல் போட்டால் முடி வறண்டுவிடுகிறது என்பது எங்கள் அனுபவம்.

பெர்மில் இரண்டாவதாக ஊற்றும் மருந்துக்கு நியூட்ரலைசர் என்று பெயர். கட்டுரையில் "நியூட்ரலைசர் அமிலத்தையும் காரத்தையும் நடுநிலையாக்குகிறது" என்று இருந்தது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிட்டார். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் இழைகளைக் கந்தகப் பாலங்கள், டைசல்ஃபைடு பிணைப்புகள், பிடித்து வைத்திருக்கின்றன. முதலில் போடும் மருந்து, பெரும்பாலும் அம்மோனியம் தயோகிளைகோலேட், அந்தப் பாலங்களில் ஒரு பகுதியை உடைக்கிறது. முடி உருளையில் சுற்றியிருக்கும்போதே நியூட்ரலைசரான ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் வளைந்த நிலையிலேயே புதுப் பாலங்கள் உருவாகும். அது நடுநிலையாக்கல் அல்ல, ஆக்சிஜனேற்றம். இதைச் சொல்வது வாத்தியார் புத்தியால் மட்டுமல்ல. இந்த இரண்டாவது கட்டத்தில்தான் பார்லர்களில் அவசரப்படுகிறார்கள். அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று உருளையைச் சீக்கிரம் உருவினால், பாலம் பாதியில் நிற்கும். அப்புறம் வீட்டில் என்ன பூசி என்ன பயன்? முதல் 2 நாள் தலைக்கு ஊற்றாதீர்கள், ரப்பர் பேண்டு போடாதீர்கள் என்று கட்டுரை சொன்னது சரிதான்.

மருதாணி பற்றியும் சொல்லியிருக்கலாம். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் வருஷக்கணக்காகக் கருப்பு மருதாணிப் பொடி போட்டவர். பெர்ம் செய்யப் போனபோது பார்லரில் யாரும் அதைக் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பெராக்சைடு பட்டதும் தலை சூடேறி, முடி கொத்தாகக் கையோடு வந்தது. சில பொடிகளில் உலோக உப்புகளைக் கலக்கிறார்கள். அவை பெராக்சைடோடு வினைபுரியும். காதுக்குப் பின்னால் ஒரே ஒரு கற்றையில் போட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்குத் தப்பித்திருப்பார்.

எண்ணெயே ஆகாது என்று எழுதியிருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தேங்காய் எண்ணெயில் அதிகமாக இருக்கும் லாரிக் அமிலம் முடிக்குள்ளேயே ஊடுருவக்கூடியது. அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கும். தலைக்கு ஊற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், உள்ளங்கையில் நாலு சொட்டு, நுனி முடிக்கு மட்டும். வழிய வழியத் தேய்த்துச் சடை போட்டால் கனத்தில் சுருள் இறங்கிவிடும், அது வேறு. தலைக்குத் தேய்க்கிற அரப்புப் பொடியையும் இப்போதைக்கு ஓரம் கட்டிவிட்டோம். நல்ல பொருள்தான். ஆனால் பொடி சுருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, அதை எடுக்கத் தேய்க்கிற தேய்ப்பில் சிக்கு விழுகிறது. அரப்போடு கலக்கிற வடிகஞ்சியை மட்டும் நீர்க்கக் கரைத்து மகள் தடவிப் பார்த்தாள்; பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட்ட மாதிரி சுருள் கொஞ்சம் நின்றது.

துவட்டுகிற துணி ரொம்ப முக்கியம். சென்னிமலைத் துண்டுக்கு நான் எதிரியல்ல, ஆனால் பூத்துண்டின் கண்ணிகள் ஈரமுடியை இழுத்துச் சிலுப்பிவிடும். பழைய பனியன் துணி போதும். தலையைக் குனிந்து, சுருளை அள்ளித் துணியில் வைத்து, கசக்காமல் ஒத்தி எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். திருப்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதற்கென்று தனித்துண்டு காசு கொடுத்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிக்கெடுப்பது ஈரத்தில், கண்டிஷனர் இருக்கும்போதே, அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து மேலே. ஆடிக் காற்றில் ஸ்கூட்டியில் போனால் தளரக் கட்டி, ஹெல்மெட்டுக்குள் ஒரு மெல்லிய துணி.

இன்னொன்று. பெர்ம் கொரியாக்காரர்கள் கண்டுபிடித்தது என்று எழுதியிருந்தது தவறு. கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியர் 1900-களில் லண்டனில் செய்து காட்டியது அது. சூடான பித்தளை உருளைகளை வைத்து மனைவியின் தலையில்தான் சோதித்தார், முதலில் முடி கருகிப்போனது. சூடில்லாமல் மருந்தால் மட்டும் செய்யும் முறை 1938-ல் வந்தது.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. புதிதாக வருவது நேராகத்தான் வரும். மகளுக்கு இப்போது உச்சியில் நேர்முடி, கீழே சுருள். தையில் மறுபடி செய்துகொள்ளப் போகிறாளாம். பழைய சுருளின் மேல் மருந்து படாமல், புது முடிக்கு மட்டும் செய்யத் தெரிந்த ஆள் கிடைத்தால் செய் என்றிருக்கிறேன்.

குழாயில் நல்ல தண்ணி வருகிற அன்றைக்கு இரண்டு சொம்பைத் தனியாக மூடி வைக்கிறாள். எங்கள் அம்மா, பேத்தி அந்தப் பக்கம் போனதும், "குடிக்கிற தண்ணியைத் தலையில ஊத்துவாங்களாக்கும்" என்று அதை எடுத்துக் குடத்திலேயே திரும்ப ஊற்றிவிடுகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பல்லடம் வட்டம்.