அந்தக் கட்டைவிரல் படம்: அண்ணாவுக்கு ஒரு கடிதம்

அண்ணா,

போட்டோ ஸ்டூடியோவை மூடப்போகிறீர்கள் என்பதை யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். விளக்குகளை எல்லாம் விற்றாயிற்று, பின்னணித் திரை மாட்டும் பேக்டிராப் ஸ்டாண்டு மட்டும்தான் பாக்கி என்றார்கள். என் நம்பர் உங்களிடம் இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் போவதைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

நான் உங்களிடம் உதவியாளராக எப்படி வந்து சேர்ந்தேன், எத்தனை வருடம் இருந்தேன் என்பதெல்லாம் நமக்குள் இருக்கட்டும். நம் தொழிலில் இருப்பவர்கள் பலர் இதைப் படிப்பார்கள். அதனால் கம்பெனிப் பெயரை எழுதப்போவதில்லை, தொகையையும் எழுதப்போவதில்லை. அந்தப் படத்தையும் இங்கே போடவில்லை. ஆனால் உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் அந்தப் படம்தான் வந்து நிற்கிறது.

ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கைக்காக அதன் முதலாளியைப் படமெடுக்கப் போயிருந்தோம். அவருக்குப் பத்தே நிமிடம்தான் நேரம் என்றார்கள். அவருடைய மூக்குக்கண்ணாடியில் சாஃப்ட்பாக்ஸ், அதாவது விளக்கின் முன்னால் மாட்டும் வெள்ளைத் துணிப்பெட்டி, வெள்ளைக் கட்டமாக விழுந்தது. விளக்கை உயர்த்தச் சொன்னீர்கள், உயர்த்தினேன். கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேலே ஒரு நூல் தூக்கி வைக்கச் சொன்னீர்கள், பளபளப்பு போய்விட்டது. முகம்தான் வரவில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தார். "ஐயா, நீங்க முதன்முதல்ல வேலை பார்த்த இடத்தைக் காட்டுங்க" என்றீர்கள். அந்த ஒரு கேள்வி உங்களுடையது. அதை யாரும் உங்களிடமிருந்து எடுத்துவிட முடியாது, நானும்.

கீழே லேத் பட்டறை. நீங்கள் ஃப்ளாஷுக்கு பேட்டரி மாற்ற ஓரமாகப் போனீர்கள். கேமரா டிரைபாடில் இருந்தது, தள்ளி நின்றே படமெடுக்க அழுத்தும் ரிலீஸ் கேபிள் என் கையில். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். லேத்தில் நின்ற பையனிடம் ஏதோ கேட்டுவிட்டு, கடைந்து முடித்த உருளையின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார், கண்ணை மூடிக்கொண்டு. எங்கேயாவது சொரசொரப்பு தட்டுகிறதா என்று அந்த விரல் தேடியது. நான் அழுத்தினேன். ஃப்ளாஷ் இல்லை. டியூப்லைட்டின் பச்சையும் ஜன்னல் வெளிச்சமும் மட்டும். அறுபதில் ஒரு பங்கு நொடி. அடுத்த ஃப்ரேமுக்குள் கண்ணைத் திறந்துவிட்டார்.

லேப்டாப் திரையில் அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் நீங்கள் பேசவில்லை. பிறகு என் தலையில் கை வைத்து, "பச்சையை முழுசா எடுத்துடாதே, அந்த இடத்தோட நிறம் அது" என்றீர்கள். அன்று ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்து முகத்தில் மட்டும் பச்சையைக் குறைத்தேன், இயந்திரத்தில் அப்படியே விட்டுவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்த இன்னொரு ராத்திரி கிடையாது.

ஆண்டறிக்கை அச்சாகி வந்தபோது படத்துக்குக் கீழே உங்கள் பெயர். அதில் எனக்கு வருத்தமில்லை. உதவியாளர் எடுத்தாலும் ஸ்டூடியோ பெயரில்தான் போகும் என்று தெரிந்துதான் சேர்ந்தேன். பிறகொரு நாள், சுவரில் மாட்டியிருந்த அதே படத்தைக் காட்டி ஒருவர் எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டார். "அந்த விரலுக்காகக் காத்துக்கிட்டே இருந்தேன்" என்றீர்கள். நாலடி தள்ளி நான் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தேன். என் பக்கம் ஒரு தடவை திரும்பியிருந்தால்கூடப் போதும் அண்ணா.

பெரிய புகைப்படக்காரர்கள் எல்லாரையும் எனக்குக் காட்டியவர் நீங்கள். 1941இல் யூசுஃப் கார்ஷ் சர்ச்சிலின் வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்கிவிட்டு, அந்தக் கோபம் ஆறுவதற்குள் படமெடுத்ததை எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள். 1963இல் ஆர்னால்டு நியூமன், ஆல்ஃப்ரீட் க்ரூப்பை அவருடைய தொழிற்சாலையிலேயே உட்காரவைத்து, போர்க்காலத்தில் மனிதர்களை அடிமைகளாக வேலை வாங்கிய அந்த முதலாளியை விளக்கைக் கொண்டே காட்டிக்கொடுத்ததையும். ஆளை இடத்தோடு சேர்த்து எடு என்று நீங்கள் சொல்வது நியூமனிடம் கற்றதுதான். எனக்குப் பிடித்தவர் மார்கரெட் போர்க்-ஒயிட். 1920களின் கடைசியில் கிளீவ்லாந்தில் ஓர் உருக்காலை. அந்தக் காலத்து ஃபிலிமில் சிவப்பு வெளிச்சம் சரியாகப் பதியாது. கண்ணுக்குத் தகதகவென்று தெரிந்த உருகிய இரும்பு படத்தில் இருட்டாகத்தான் விழுந்தது. மெக்னீசியம் தீவட்டி கொளுத்திய பிறகே படம் கிடைத்தது. அந்தத் தீவட்டியை யார் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று உங்களிடம் கேட்டேன். "அது எதுக்கு உனக்கு?" என்றீர்கள்.

இரண்டு நாள் வேலைக்கு முந்தைய ராத்திரி ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு நின்றுகொண்டேனே, அது தப்பு. தனியாளாக ஸ்டாண்டு தூக்கி, தனியாளாகவே எல்லாவற்றையும் முடித்தீர்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த முதுகை வைத்துக்கொண்டு. மன்னித்துவிடுங்கள். நேரில் வந்திருந்தால் "சரி, விளக்கை எடு" என்றிருப்பீர்கள், நானும் எடுத்திருப்பேன். அதற்குத்தான் பயந்தேன். அடுத்த வருடம் அதே கம்பெனி கூப்பிட்டபோது போனதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். (நானாகத் தேடிப் போனேன் என்று சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள்தான் அழைத்தார்கள். இந்த வரி உங்களுக்கு அல்ல, அந்தச் சிலருக்கு.)

இப்போது என்னிடம் ஒரு பெண் உதவிக்கு இருக்கிறாள். போன வாரம் ஒரு கிடங்கில் வேலை. நான் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஃபோர்க்லிஃப்ட்டை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்மேல் கைகளை மடக்கி இளைப்பாறிய ஓட்டுநரை அவள் எடுத்திருந்தாள். மொத்த வேலையிலும் அதுதான் நல்ல படம். ஃபைலில் என் பெயர் தானாகவே ஏறியிருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் நீங்கள் மூடப்போகும் செய்தி வந்தது. அன்று ராத்திரியே வாடிக்கையாளருக்கு எழுதி, படத்தின் கீழே அவள் பெயரைப் போடச் சொன்னேன். இனிமேல் யார் எடுத்தார்களோ அவர்கள் பெயர்தான் என்று அவளிடமும் சொன்னேன். "பரவாயில்லைக்கா" என்றாள். இதே பரவாயில்லையை நான் உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒரு தடவையாவது நீங்கள் அதை நம்பாமல் இருந்திருக்கலாம்.

பேக்டிராப் ஸ்டாண்டை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன். சுவரிலிருக்கும் படத்தை இன்னும் கழற்றவில்லை என்றால் நான் வரும்வரை அப்படியே இருக்கட்டும். அந்தச் சட்டத்தை ஒரே ஆள் இறக்க முடியாது. ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன்.