மேல்தளத்தில் நிற்கும் விமானங்கள்

சான் டியேகோ

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனம் நிம்மதியானது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள். நீ மருந்து எடுத்துக்கொள்ளும் லட்சணம் எனக்குத் தெரியும். மகள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பேரன் தமிழில் நன்றாகத் திட்டக் கற்றுக்கொண்டுவிட்டான். அது என் உபயம்தான்.

பழைய விமானத்தை உப்புக் காற்றில் நிறுத்திவைப்பது அதைக் கொல்வதற்குச் சமம், இங்கே அருங்காட்சியகமாக நிற்கும் மிட்வே விமானந்தாங்கிக் கப்பலில் எப்படித்தான் சமாளிக்கிறார்கள், எல்லாவற்றையும் கரைக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிடலாமே என்று கேட்டிருந்தாய். அதற்காகவே மறுபடியும் போய், இந்த முறை சுற்றுலாப் பயணியாக இல்லாமல் பழைய மெக்கானிக்காகச் சுற்றிப் பார்த்தேன். மருமகன் பாவம், இரண்டு மணி நேரத்தில் களைத்துப்போய்ச் சிற்றுண்டிக் கடையில் உட்கார்ந்துவிட்டார்.

கப்பலின் கதை உனக்குத் தெரிந்ததுதான். 1945 செப்டம்பரில், ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்ட அடுத்த வாரமே கடற்படையில் சேர்ந்தது, 1992-இல் ஓய்வு, 2004 முதல் இங்கே துறையில் மிதக்கும் அருங்காட்சியகம். மேல்தளத்திலும் கீழே ஹாங்கர் என்ற விமானக் கொட்டகையிலுமாக ஏறக்குறைய முப்பது விமானங்கள். எல்லாம் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் நார்த் ஐலண்ட் கடற்படைத் தளத்தில் சீராகி வருபவை. சீராக்குபவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல ஓய்வுபெற்ற கிழவர்கள், சம்பளம் இல்லாமல் வருபவர்கள். மேல்தளத்தில் ஒருவர் இன்ட்ரூடர் விமானத்தின் இறக்கை மடிப்புக்கு அடியில் தலையை நுழைத்து, துணியால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். விரல் நகங்களில் கிரீஸ். வேறு அறிமுகம் தேவைப்படவில்லை. அவர் துடைத்த இடம், நம் கடற்படையின் அலீஸே விமானத்தில் நாம் சாபம் விட்டுக்கொண்டே துடைத்த அதே இடம்: கீலுக்கும் தகட்டுக்கும் நடுவே விரல் மட்டும் போகும் இடுக்கு.

பறக்கிற விமானத்துக்கு எப்போதும் ஆள் உண்டு. இறங்கியதும் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுவோம், கிரீஸ் வைப்போம், மூடி போடுவோம். நின்றுபோன விமானத்துக்கு அந்தக் கவனிப்பு நின்றுவிடுகிறது, உப்பு மட்டும் நிற்பதில்லை. அலுமினியத் தகடும் எஃகு போல்ட்டும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அங்கே ஒரு சின்ன மின்கலமே உருவாகிவிடுகிறது. வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு வெள்ளை மாவாக உதிரும். எனவே நீ சொன்னதில் பாதி சரி.

மீதிப் பாதியில்தான் எனக்கு உன்னோடு வழக்கு. அங்கே நிற்கும் புகழ்பெற்ற விமானங்களில் பல உண்மையில் வேறொரு விமானத்துக்குப் பதிலாக நிற்கின்றன. 1975 ஏப்ரல் இறுதியில் சைகோன் விழுந்த சமயம், புவாங் லீ என்ற தென் வியட்நாம் மேஜர் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் சின்ன பேர்ட் டாக் விமானத்தில் ஏற்றிக்கொண்டு மிட்வேயைத் தேடி வந்தாரே, நினைவிருக்கிறதா? ஹெலிகாப்டர்களை ஓரம் தள்ளி இடம் தாருங்கள் என்று சீட்டு எழுதி மேலிருந்து போட்டார். கப்பலின் காப்டன் சேம்பர்ஸ் சில ஹெலிகாப்டர்களைக் கடலிலேயே தள்ளச் சொல்லி இடம் கொடுத்தார். தளத்துக் கம்பியில் மாட்டி விமானத்தை நிறுத்தும் கொக்கி கிடையாது, கப்பலில் இறங்கிய பழக்கமும் கிடையாது, ஆனாலும் மனிதர் இறக்கிவிட்டார். அந்த விமானம் இப்போது ஃபுளோரிடாவில் பென்சகோலா கடற்படை விமான அருங்காட்சியகத்தில், கூரைக்குக் கீழே இருக்கிறது. மிட்வேயில் இருப்பது அதன் பிரதிநிதியாக வேறொரு பேர்ட் டாக்.

66 என்ற எண் போட்ட சீ கிங் ஹெலிகாப்டரும் அப்படித்தான். அப்போலோ 11 வீரர்களைக் கடலிலிருந்து தூக்கிய அசல் 66, 1975-இல் இதே சான் டியேகோவுக்கு வெளியே கடலில் விழுந்தது. கப்பலில் நிற்பது அந்த எண்ணைப் பூண்ட இன்னொன்று. ஃபான்டம் விமானத்தில் இன்னும் வேடிக்கை: இரண்டு பக்கமும் இரண்டு வேறு படைப்பிரிவுகளின் அடையாளம். வியட்நாம் போரில் மிட்வேயின் விமானங்கள் எதிரியின் முதல் மிக் போர்விமானத்தை 1965-இலும் கடைசி மிக்கை 1973-இலும் வீழ்த்தின. இரண்டுக்கும் ஒரே ஃபான்டம் சாட்சி சொல்கிறது. முதலில் எனக்கு இது சற்று ஏமாற்று வேலையாகத்தான் பட்டது. யோசித்துப் பார்த்தால், கோயிலில் மூலவர் கருவறையை விட்டு அசையாமல் இருக்க, வெயிலுக்கும் மழைக்கும் உற்சவர் வருகிற ஏற்பாடுதான் இது. இதில் எனக்குக் குறை தெரியவில்லை.

மூலவர் எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்கள் இரண்டுக்குத் தட்டையான தளம் போட்டு, வுல்வரின், சேபிள் என்று பெயரிட்டு, சிகாகோவை ஒட்டிய மிச்சிகன் ஏரியில் விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 17,000 பேருக்கு மேல் அங்கே தேறினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ஏரிக்குள் போயின. குளிர்ந்த நன்னீர், ஆழம், இருட்டு. அரை நூற்றாண்டு கழித்துத் தூக்கியபோதும் பல விமானங்களில் பெயின்ட் கூடப் போகவில்லை. அதில் ஒன்று 2106 என்ற எண்ணுள்ள டான்ட்லெஸ் குண்டுவீச்சு விமானம். பேர்ல் ஹார்பர் தாக்குதலின்போது அங்கே இருந்தது, ஜப்பானோடு நடந்த மிட்வே கடற்சண்டையில் இருநூற்றுக்கு மேல் துளைகளோடு திரும்பியது, 1943-இல் சேபிளில் இறங்கும்போது ஏரியில் விழுந்தது, 1994-இல் மேலே வந்தது. மிட்வே என்ற பெயர் கொண்ட கப்பலில் மிட்வே சண்டையில் பறந்த விமானத்தை வைக்க எவருக்கும் கை துறுதுறுக்கும்; வைக்கவில்லை. அதுவும் பென்சகோலாவுக்குத்தான் போனது. நன்னீர் ஐம்பது ஆண்டு காப்பாற்றியதை உப்புக் காற்றிடம் எவன் கொடுப்பான்?

அதற்காக எல்லாவற்றையும் கரைக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிடலாம் என்கிறாயே, அங்கேதான் நீ தவறுகிறாய். கோவா அருங்காட்சியகத்தில் திறந்த வெளியில் நிற்கும் அலீஸேயைப் பார்க்கிற பையனுக்கு இறக்கை ஏன் மடிகிறது, வால்பக்கம் ஏன் கொக்கி, சக்கரக் கால் ஏன் இவ்வளவு தடிமன் என்று எதுவும் புரியாது. அதே விமானத்தை மேல்தளத்தில் நிறுத்தி, பக்கத்தில் லிஃப்டையும் தளத்தின் விளிம்பையும் காட்டு. ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

கரையில் இருந்தால் பத்திரம், கடலில் இருந்தால் ஆபத்து என்பதும் முழு உண்மை அல்ல. கப்பல் நன்றாக இருந்தால் விமானமும் நன்றாக இருக்கும். நியூயார்க்கில் இன்ட்ரெபிட் கப்பலின் மேல் என்டர்பிரைஸ் விண்ணோடத்தை வைத்த அதே 2012-இல் சாண்டி புயல் வந்து கூடாரத்தைக் கிழித்து, வால் சிறகையும் சேதப்படுத்தியது. சீர்செய்து மறுபடி திறந்தார்கள். நம் பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 2001 முதல் 2012 வரை மும்பையில் அருங்காட்சியகமாக இருந்து, பராமரிக்க வழியில்லை, பாதுகாப்பில்லை என்று மூடி, 2014-இல் அறுபது கோடி ரூபாய்க்கு உடைக்கக் கொடுத்தார்கள். அந்த ஹாங்கரில் சீ ஹாக் போர்விமானம் நின்றதை நானும் நீயும் சேர்ந்து பார்த்தோம். மூக்கைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தாய். அந்த இழப்புக்கு உப்புக் காற்றைக் குறை சொல்ல முடியாது. டிக்கெட் பணமும், துணியோடு வருகிற கிழவர்களும் போதவில்லை, அவ்வளவுதான்.

டிசம்பரில் மகன் வீட்டுக்குக் கோவா போவதாக எழுதியிருந்தாய். போனால் அலீஸேயைப் பார்த்துவிட்டு வா. மடிப்புக் கீலுக்கு அடியில் வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா, குருவி கூடு கட்டி அடைத்திருக்கிறதா என்று எனக்கு எழுது. குனிந்து பார்த்தாலே தெரியும். ஏணி தேடி ஏறாதே. உன் முழங்காலுக்கு அங்கே உதிரிபாகம் கிடைக்காது.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கதிரேசன்