கரிமூட்டப் புகைக்கு ஒரு குழாய் வேண்டும்

காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) விஞ்ஞானிகளுக்கு வணக்கம்.

கல்லல் பக்கம் என் மச்சான் சீமைக்கருவேல விறகில் கரிமூட்டம் போடுகிறார். நூறு கிலோ காய்ந்த விறகுக்குக் கால் பங்கு கரி தேறினாலே நல்ல மூட்டம் என்பார். மிச்சமெல்லாம் புகையாகப் போகிறது, ஊருக்கு இருமல்.

அந்தப் புகையைக் குளிரவைத்தால் தண்ணீரோடு அசிட்டிக் அமிலம் (வினிகரில் புளிப்பது அதுதான்), மெத்தனால், தார் எல்லாம் இறங்கும். இது புதுச் சங்கதி இல்லை. மைசூர் சமஸ்தானத்தின் பத்ராவதி இரும்பாலை 1923இல் உற்பத்தி தொடங்கியபோது, உலைக்கான கரிக்காக விறகை மூடிய கலனில் சுட்டார்கள். வந்த ஆவியிலிருந்து கால்சியம் அசிடேட்டும் (அசிட்டிக் அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்து உண்டாகும் உப்பு) மெத்தனாலும் எடுத்தார்கள். அப்புறம் பெட்ரோலியம் மலிவாகக் கிடைக்கவும் விறகு மறந்துபோனது. 1998இல் அமெரிக்க வேதியியலாளர்கள் பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் வகுத்த பசுமை வேதியியலின் (சுற்றுச்சூழலைக் கெடுக்காத வேதியியல்) 12 விதிகளில், மூலப்பொருள் திரும்ப விளைவதாக இருக்கட்டும் என்பதும் ஒன்று. சீமைக்கருவேலத்துக்கு அதைச் சொல்லவே வேண்டாம். வெட்டிய கட்டை ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் மூட்டத்தின் புகை வாயில் தகரக் குழாய் செருகி, ஈரச்சாக்கு சுற்றி, சொட்டியதைக் கேனில் பிடித்தோம். பழுப்பு நிறம், மூக்கைத் துளைக்கும் வாடை. அசையாமல் வைத்ததும் அடியில் தார் தங்கியது. மேல்நீரில் நீற்றிய சுண்ணாம்பைப் போட்டால் கால்சியம் அசிடேட். சுண்ணாம்பின் அருமையைச் செட்டிநாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நாலாவது மூட்டத்திலேயே குழாய் பொத்தல். அமிலம் தின்றுவிட்டது. துருப்பிடிக்காத எஃகு வாங்கக் கரி விற்ற காசு கட்டாது.

உலோக அரிப்பு உங்கள் சொந்தப் பாடம். மரச்சர்க்கரையிலிருந்து எடுத்த பொருளை மின்முனையில் ஆக்சிஜனேற்றம் செய்து பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருள் ஆக்கலாம் என்றும் படிக்கிறேன், ஆசையாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு முதலில் வேண்டியது ஒரு வருஷம் தாங்குகிற மலிவான குழாய், இல்லையென்றால் தகரத்தின் உள்ளே தடவ ஒரு பூச்சு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த நிலையம் உங்களுடையது. அந்த உரிமையில் கேட்கிறேன்.

மாசி பிறந்ததும் அடுத்த மூட்டம் கொளுத்துகிறோம். இரண்டு பேராவது வாருங்கள். நல்ல சட்டை மட்டும் போட்டு வராதீர்கள், அந்தத் தார் பட்டால் லேசில் போகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்