கவர் படம் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய அல்பம் கவரைப் பார்த்தோம். நல்லாயிருக்கிறது என்று அன்றைக்கே பதில் போட்டேன், நீ ஒரு இதயப் படத்தைப் போட்டுவிட்டுப் போனாய், அதற்குப் பிறகு சத்தமே இல்லை. வேலை கூடவாக்கும்.

அல்பத்தில் பாடுகிற அந்தப் பெடியனைக் கோணேசர் கோயிலடியில் ராவணன் வெட்டுப் பாறைப் பக்கம் நிறுத்தியிருக்கிறாய். கடைத்தெருவில் கண்டவர்களுக்கெல்லாம் என் மகள் செய்தது என்று காட்டினேன். ஆனால் அவனுக்குப் பின்னால் கடலில் சூரியன் இறங்குகிறது. அந்தக் கிழக்குக் கடலில் சூரியன் ஏறும், இறங்காது. இங்கே பிறந்து வளர்ந்த உனக்கு இது தெரியாமல் போகாது. எல்லாம் கறுப்பும் ஊதாவும், முகத்தில் பாதி இருட்டு. பாட்டையும் கேட்டேன், பக்கத்து அறையில் ஆட்கள் நித்திரை என்று தெரிந்து மெல்லப் பாடுகிற குரல் அவனுக்கு. இந்த இருட்டை அவன் கேட்டானா, நீயாகப் போட்டாயா?

கசெட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்த நம் ரெக்கோடிங் பாரில் 60 நிமிடக் கசெட் என்றால் 60 நிமிடமும் ஓடவிட்டுத்தான் பதியவேண்டும். அதனால் பாட்டு முழுக்கக் காதில் விழுந்த பிறகுதான் பெட்டிக்குள் மடித்து வைக்கிற அட்டையில் பேனை வைப்பேன். நீயும் பக்கத்தில் இருந்து எழுதியவள்தானே. முதலில் பாட்டைக் கேள், பிறகு நிறத்தைத் தொடு.

லண்டன் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. பற்றி நீதான் சொன்னாய். 2005இல் வந்த முதல் அல்பத்துக்குத் தகப்பன் பெயர், 2007இல் வந்ததற்குத் தாயின் பெயர், படத்திலும் அவளே ஸ்டென்சில் வெட்டி வரைகிற பாணி. அதில் அந்தப் பிள்ளை யார், எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிகிறது. உன் பெடியனுக்கும் ஒரு வீடு இருக்கும், அதை விசாரி. இன்னொன்று, 12 அங்குல இசைத்தட்டு உறை என்றால் அந்த இருட்டுக்குள்ளும் கண்ணைத் தேடலாம். நீ 3000 பிக்சலில் செய்தாலும் சனம் போனில் பெருவிரல் நகத்தளவில்தான் பார்க்கும், அதில் முகமே தெரியாது. முகத்துக்கு வெளிச்சம் கொடு. பாட்டைத் திரும்பவும் கேள்.

அம்மாவுக்குப் பிரஷர் பரவாயில்லை. மான் வந்து முன்பக்கத்துச் செடியெல்லாம் தின்றுவிட்டது. நீ கவரைக் கையில் பிடித்து எடுத்த படத்தை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள், கவரை அல்ல, உன் கையை. மெலிந்துவிட்டாள் என்றாள். குளிருக்கு விரல் சுருங்கி மோதிரம் கழன்று விழும், அதுதான் கழற்றி வைத்திருப்பாள் என்று நான் சொன்னேன். அப்படித்தானே?

சரி, வெளிச்சத்தை மாற்றிவிட்டு அனுப்பு. மாற்றாவிட்டாலும் கோல் எடு. எங்களுக்கு விடியும்போது உனக்கு முந்தின நாள் இரவு, நான் எழும்பித்தான் இருப்பேன். மருமகன் பக்கத்தில் இருந்தால் கொடு, இல்லாவிட்டால் நீ மட்டும் கதை.

அப்பா
திருகோணமலை