அந்த ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் 'யோல்' படம் பற்றிய கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். "துருக்கியக் கிராமங்களின் மூடப்பழக்கங்களைத் தோலுரிக்கும் படம்" என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு பக்கக் கட்டுரையில் குர்திஷ் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. துருக்கி, ஈரான், ஈராக், சிரியா என்று பிரிந்து வாழும், தனிநாடு இல்லாத மக்கள் அவர்கள்.

யில்மாஸ் குனே குர்திஷ் குடும்பத்தில் பிறந்தவர் என்பதும், சிறைக்குள் இருந்தபடியே இயக்குநர் ஷெரீஃப் கோரெனைக் கொண்டு இந்தப் படத்தை எடுப்பித்தார் என்பதும் தங்களுக்குத் தெரியாததல்ல. 1982இல் கான் திரைப்பட விழாவில் உயர்ந்த விருதைப் பங்கிட்டுக்கொண்ட படம், 1999 வரை சொந்த நாட்டில் திரைக்கு வரவில்லை. மூடப்பழக்கத்தைக் காட்டியதற்காகவா அவ்வளவு காலம் தடுத்து வைத்தார்கள்?

படத்தில் வரும் கைதிகளில் ஒருவனான ஓமர் சிறையிலிருந்து லீவில் ஊருக்கு வரும்போது திரையில் 'குர்திஸ்தான்' என்று எழுத்து விழுகிறது. சுட்டுக் கொன்றவர்களின் உடல்களை இராணுவம் ஊருக்குள் கொண்டுவந்து அடையாளம் காட்டச் சொல்கிறது. அதில் ஓமரின் சகோதரனும் கிடக்கிறான். தன் இரத்தத்தைத் தெரியாதவன் போல அவன் நிற்கிறான். அப்புறம் ஊர் வழக்கப்படி சகோதரனின் மனைவியை ஏற்க வேண்டும். மனதில் இருந்த பெண்ணை விட வேண்டும். இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இன்னொரு கைதியின் மனைவி, சங்கிலியில் கட்டிக் கிடந்த ஸீனேக்கு மட்டும் ஒரு பந்தி. அவளைக் கட்டி வைத்தவர்கள் சொந்த வீட்டார்தான். அதை மறைக்கும்படி நான் கேட்கவில்லை. ஆனால் துப்பாக்கியை விட்டுவிட்டுச் சங்கிலியை மட்டும் எழுதினால், அந்தச் சனத்துக்கு வந்த கேடெல்லாம் அவர்களே தேடிக்கொண்டது என்றாகிவிடும்.

இது முதல் தடவையும் அல்ல. ஈரானிலுள்ள குர்திஷ் இயக்குநர் கோபாதியின் படத்தை 'ஈரானியச் சிறுவர் படம்' என்று எழுதினீர்கள். ஈராக்கிலுள்ள குர்திஷ் ஊரான ஹலப்ஜாவில் 1988இல் நச்சுவாயுவால் இறந்தவர்களின் படத்துக்குக் கீழே 'ஈராக்கியர்' என்று போட்டீர்கள். இரண்டுக்கும் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

நான் ஜேர்மனியில் ஒரு உணவகக் குசினியில் பதினாறு வருடம் வேலை செய்தேன். என்னோடு நின்றவர் குர்திஷ்காரர். எல்லாரும் அவரைத் துருக்கிக்காரன் என்பார்கள். என்னை இந்தியன் என்பார்கள். ஒரு நாள் மா கொட்டிக் கிடந்த மேசையில் மகளின் பெயரை விரலால் எழுதிக் காட்டினார். முதல் எழுத்து 'எக்ஸ்'. பாஸ்போர்ட்டில் அது 'எச்' ஆகிவிட்டது, ஏனென்றால் துருக்கியில் 'எக்ஸ்' எழுத்துக்கு 2013 வரை இடமில்லை. 1983இலிருந்து 1991 வரை அவருடைய மொழிக்கே சட்டத்தில் தடை. இந்தப் படத்தை அவருடைய வீட்டில்தான் பார்த்தேன். 'குர்திஸ்தான்' என்ற எழுத்து வந்ததும் படத்தை நிறுத்திவிட்டு, எழுந்து போய்த் திரையில் கை வைத்தார்.

அடுத்த இதழில் இரண்டு வரி போதும்: ஓமரின் ஊர் குர்திஷ் ஊர், இது குர்திஷ் மக்களின் கதையும் கூட என்று. அந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துச் சொல்வேன். சென்ற இதழை அவருக்கு நான் காட்டவில்லை.

இப்படிக்கு,
ஒரு நீண்டநாள் வாசகர், ஜேர்மனி