நான்கு பைட்டில் சிக்கிய கையெழுத்து

அன்புள்ள சேகர்,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மறுபடி பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார்களா?

மூன்று வாரமாகப் பதில் எழுத முடியவில்லை. யுஎஸ்பி டோக்கனில் இருக்கும் சான்றிதழை வைத்து டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிற அந்த பிரவுசர் எக்ஸ்டென்ஷனை இன்னும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பிரவுசருக்குள்ளேயே ஓடிய பழைய என்பிஏபிஐ பிளகின் காலத்தில் விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று தனித்தனியாக பில்ட் போட்டு ராத்திரியெல்லாம் விழித்திருந்தோமே! 2015 செப்டம்பரில் குரோம் 45 அதை அடியோடு எடுத்தபோது, இனி நேட்டிவ் மெசேஜிங் (எக்ஸ்டென்ஷன், கம்ப்யூட்டரில் தனியாக ஓடும் நம் புரோகிராமோடு செய்தி பரிமாறும் வழி), தொல்லை விட்டது என்றாய். நானும் நம்பினேன்.

இப்போது விண்டோஸில் மட்டும், அதுவும் ஒரு சிலருக்கு மட்டும், சான்றிதழ் பட்டியல் வரவில்லை. எர்ரரும் இல்லை, சும்மா நிற்கிறது. டெண்டர் கடைசி நாளில் அப்படி உட்கார்ந்திருந்த ஒருவர் போனில் பேசிய குரல் இன்னும் காதில் இருக்கிறது.

காரணம் இதுதான். நம் புரோகிராம் பிரவுசருக்கு முதலில் 4 பைட்டில் செய்தியின் நீளத்தைச் சொல்லி, பிறகு செய்தியை ஜேசன் என்கிற எழுத்து வடிவில் அனுப்ப வேண்டும். அவருடைய பட்டியலின் நீளம் 266 பைட். 266 என்பது 256 + 10; சின்னப் பகுதி முதலில் போவதால் அந்த எண்ணின் முதல் பைட் 10. அதாவது புதுவரிக் குறி. சி++ல் எழுதிய நம் புரோகிராமின் வெளியீடு விண்டோஸில், புதுவரிக் குறியை மாற்றி எழுதும் டெக்ஸ்ட் மோடில் இருந்ததால், 10க்கு முன்னால் ஒரு 13 சேர்ந்துவிட்டது. பிரவுசர் நீளத்தை 68109 என்று படித்துவிட்டு, வராத மீதிக்காகக் காத்திருந்தது. உச்ச வரம்பான ஒரு எம்பிக்குள் இருக்கும் எண் என்பதால் அதை மறுக்கவும் இல்லை. பெயர் ஓர் எழுத்து நீண்டிருந்தால் எல்லாம் சரியாக ஓடியிருக்கும்! எதையும் மாற்றாமல் அனுப்பும் பைனரி மோடுக்கு மாற்ற இரண்டு வரி போதுமாயிருந்தது. கண்டுபிடிக்கத்தான் பதினெட்டு நாள். லினக்ஸில் மட்டும் சோதித்துவிட்டு அனுப்பியது என் தவறு.

குரோமுக்கும் ஃபயர்பாக்ஸுக்கும் மேனிஃபெஸ்ட் (நம் புரோகிராம் எங்கே இருக்கிறது என்று பிரவுசருக்குச் சொல்லும் கோப்பு) வேறு, அதை வைக்கும் இடமும் வேறு. அதையெல்லாம் இன்ஸ்டாலர் பார்த்துக்கொள்கிறது. சஃபாரிதான் மலைப்பாக இருக்கிறது. அங்கே எக்ஸ்டென்ஷன் தன்னைச் சுமந்து வரும் ஆப்போடு மட்டும்தான் பேசும். பாதியைப் புதிதாக எழுத வேண்டும். உன்னிடம் மேக் இருக்கிறதல்லவா? இந்த மாதக் கடைசியில் இரண்டு நாள் அங்கே வந்து தங்கட்டுமா? அம்மாவையும் பார்த்த மாதிரி இருக்கும்.

அன்புடன்,
ரவி